ஒரு துண்டு பனங்கட்டி

பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில், பலசரக்குக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

“கான்சரைப் பட்டினி போடுறன் எண்டு நினைச்சன் அக்கா. என்ர மனுசனைத்தான் போட்டிருக்கிறன்.”

அவள் கையில் ஒரு பை பனங்கட்டி இருந்தது.

“அவருக்கு இனிப்பே குடுக்கிறேல்லை எண்டெல்லே சொன்னனி?”

“ஓம். சீனியிலதான் கட்டி வளருது எண்டு ஆரோ சொல்லிச்சினம். தேத்தண்ணியோட கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி கேப்பார். நாலு மாசமாக் குடுக்கேல்லை. சோத்தையும் பாதியாக்கினன்.”

“இப்ப என்னவாம்?”

“சீனி குறைஞ்சா அது வேறை சாப்பாடு தேடிக்கொள்ளுமாம். கொழுப்பை எடுக்குமாம். அவரின்ர தசை கரைஞ்சு வாறதையும் எடுக்குமாம். நேற்று டொக்டர் சொன்னா. ஈரலுக்கும் பரவீட்டுது.”

“ஐயோ... இனியாவது ஆசைக்குக் குடு பிள்ளை.”

“நேற்றே வீட்டில கிடந்த துண்டை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனனான். கையால பொத்திக்கொண்டார்.”

“ஏனாம்?”

“‘அதுக்குத் தீன் போடாதையும்’ எண்டார். நான் சொல்லிக் குடுத்த கதைதானே அக்கா.”

வரிசை நகர்ந்தது. பையை அவள் திரும்ப வைக்கவில்லை.