இரண்டு பேர் ஆடும் பெட்டி

ஜாய்ஸ்டிக் வாங்கும்போது ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தனுஜா அண்ணி. கல்யாணம் நடக்காவிட்டாலும் எனக்கு நீங்கள் அண்ணிதான். மகேன் அண்ணனின் விரல்களில் இப்போது பலம் இல்லை. அதனால் இருப்பதிலேயே இளகிய ஸ்பிரிங்காகத் தேடிப் போட்டேன். கம்ப்யூட்டர் எஸ்டேட் ஆபீஸில் கழித்துப் போட்டது. பழைய வீடியோ கேம்களை ஓட்டும் எமுலேட்டரின் புதிய பதிப்பு அதில் திணறியது, பழையதையே ஏற்றினேன். புது டிவியில் கை அசைத்துச் சற்றுப் பிந்தித்தான் பொம்மை அசையும், அண்ணனுக்கு அது பொறுக்காது. கோலா தெர்லாவில் ஒரு பழைய குண்டு டிவியைப் பிடித்தேன். சின்ன வயதில் கம்போங் ராஜா ஊரில் வீடியோ கேம் கடையில் நாங்கள் ஆடிய ஆட்டம் அப்படியே வந்துவிட்டது. அன்று அண்ணன் அழுதான். நானும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவனோடு ஆடப் பார்த்தீர்கள். ஆட்டம் தொடங்கவில்லை. கடைப் பெட்டியில் காசு விழுவதற்குப் பதிலாக இதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

"அதுக்கு எதுக்கு குகன் பூட்டு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிப்போம், செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சரிவில் கீழே நிற்பவன் மேலே இருப்பவனின் பிடியை நம்பித்தான் கால் வைப்பான். பிடியை விடுவதானால் "விடுறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். எதிராள் "ம்" என்ற பிறகுதான் கையை எடுக்கலாம். எங்கள் மலையில் அது எழுதாத சட்டம்.

விபத்து நடந்த அன்று காலை வேலையோடு வேலையாக அண்ணன் சொன்னான்: "கல்யாணம் முடிஞ்சதும் ஜொகூருக்குப் போறோம்லா. தனுஜா அங்க எனக்கு வேலை பாத்து வச்சிருக்கு. நீ இங்க சமாளிச்சுக்குவ."

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான். கால் முறிந்தால் இரண்டு மாதம் இருப்பான், அதற்குள் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். மெஷினுக்குப் பின்னால் பை பிடிக்கும் இருளப்பன் கொழுந்தைக் கொட்டப் போயிருந்தார். குரல் கொடுக்காமல் கையை எடுத்தேன்.

மெஷினோடு அவன் கீழே இருந்த கல் கான் வாய்க்காலில் விழுந்தான். கால் அல்ல, முதுகெலும்பு. "நான் குரல் கொடுத்தேன், இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை" என்று எஸ்டேட் துரையிடம் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். "குகன் சொல்லியிருப்பான், நாந்தான் கவனிக்கல" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து என்னைத் தேற்றினான்.

இப்போது தினமும் நான் வேலை முடிந்து வரும் வரை அந்தப் பெட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் காத்திருக்கிறான். என் மோட்டார் சத்தம் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அண்ணி. பூட்டு அதற்குத்தான்.

அவனை ஜொகூருக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொல்கிறீர்கள். போலீசில் சொல்வதானால் சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். அண்ணன் மட்டும் என்னோடு இருக்கட்டும். என்னைப் போல அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?