கடைசி பெஞ்சின் கருத்து

முதல் மூன்று வாரம் கொஞ்சம் இழுவைதான் மேடம், அதை நான் மறுக்கவில்லை. நீங்களும் மூன்றாவது வாரத்தோடு விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். பாதிப் பேர் அங்கேதான் விட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் நீங்களும் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். விருது மேல் விருதாக வாங்கிய தொடர், சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். எழுதிக்கொள்கிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது புரியாது. 'தபால் வராத தெரு'வில் ஒரு மருந்துக்கடைக்காரர் வருவார், நினைவிருக்கும். அவருடைய மனைவி, ஓடிப்போன தன் தம்பியின் கடிதத்துக்காகத் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடிதம் எப்போதோ வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் அதைக் கடை இழுப்பறையில் வைத்திருக்கிறார். ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் பன்னிரண்டு வாரக் கதை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு வரும், எட்டுக்கு முடியும்.

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். நாள் முழுக்க வீங்கிய கன்னங்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. அவளுடைய உயிரெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. தொடர் பார்க்கிறவர்கள் கருத்து எழுதும் இணையப் பக்கம் ஒன்றில் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் விமர்சனம் எழுதுவாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாண் என்று வந்துவிடும். ஆரம்பத்தில் நாற்பது பேர் படித்தார்கள். இந்தத் தொடருக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தையும் சேர்த்துப் பதினொரு கட்டடம் என் பொறுப்பு. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான், எப்போது சரியாகும், எப்போது சரியாகும். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போகும். ஐந்தாவது மாடிக்கு ஏறி வீட்டுக்குள் வந்தால் பேசவே தோன்றாது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்பாள். கோபமாகக் கேட்க மாட்டாள், கிண்டலாகத்தான். எட்டு மணிக்குத் தொடர் முடிந்ததும் என் பக்கம் திரும்பி "எப்படி இருந்துச்சு?" என்பாள். நான் "நல்லா இருந்துச்சு" என்பேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். எத்தனை தொடர் வந்து போயின, அந்தப் பதில் மாறவில்லை.

ஊரே தன் விமர்சனத்தைப் படிக்கிறது, நான் ஒருத்தன்தான் படிப்பதில்லை என்று தன் தங்கையிடம் சொல்லிக் குறைப்பட்டாள். தவறு. ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏதாவது ஒரு மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து படிப்பேன். இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம் மருந்துக்கடைக்காரரைப் பற்றி எழுதினாள். எனக்கு மனப்பாடம், அப்படியே சொல்கிறேன். 'இவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, ஏமாற்றுகிறவரும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வீட்டில்தான் இல்லை. இவரோடு வாழ்வதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்ல முடியாது. அதுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை.' அதன் கீழே இரண்டாயிரம் பெண்கள், என் வீட்டுக்காரரைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கு என்று எழுதினார்கள். இரண்டாயிரத்தையும் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. அவ்வளவு பேரும் என் வீட்டு சோஃபாவைச் சுற்றி நின்று என்னைப் பார்ப்பது போல இருந்தது.

அன்றைக்குத்தான் 'கடைசி பெஞ்சு' என்ற பெயரில் நானும் சேர்ந்தேன். முதல் கருத்து மரியாதையானதுதான், நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். மருந்துக்கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் யாராவது பேச வேண்டும் என்று எழுதினேன். 'பேச வேண்டியவர் அவர்தானே' என்று அவள் பதில் போட்டாள். ஊரே கைதட்டியது. அன்று மாலை சாப்பாடு போடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது வாரம் கதாநாயகியின் அம்மா இறந்துபோனாள். என் மனைவி அழுதுகொண்டே எழுதினாள். அவளுடைய அம்மா இறந்த அன்று அம்மாவிடமிருந்து மூன்று முறை போன் வந்திருந்தது, மருத்துவமனையில் கூட்டம் என்று இவள் எடுக்கவில்லை. கூடப் பிறந்த தங்கைக்குக்கூட அது தெரியாது. என்னிடம் மட்டும், ஒரு மழை நாளில், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். கடைசி பெஞ்சு அந்த வாரம் எழுதினான்: 'அம்மாவின் போனை எடுக்காமல் விட்டவர்கள்தான் இந்தக் காட்சிக்கு அதிகம் அழுவார்கள்.'

படித்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரோ பொதுவாக எழுதியிருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் நாங்கள் பேசியது அதற்கு முந்தைய பத்து வருடத்தில் பேசியதைவிட அதிகம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவளைப் பயமுறுத்த நினைத்ததில்லை. ஆனால் பயந்தபோதெல்லாம் அவள் என் பக்கத்தில் வந்தாள்.

அதனால் தொடர்ந்தேன். பச்சைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு எழுதினால் வெளிச்சம் எப்படித் தெரியும் என்று ஒரு வாரம் எழுதினேன். அவள் எங்கள் ஜன்னல் திரையைக் கழற்றித் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். இடது காதில் கம்மலைத் திருகிக்கொண்டே தொடர் பார்க்கிறவர்களுக்கு நுணுக்கம் பிடிபடாது என்று இன்னொரு வாரம். அவள் கம்மலையே கழற்றிவிட்டாள். யாரோ ஒருவன் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினாள். தங்கை வந்து போலீசில் புகார் கொடுக்கச் சொன்னாள். கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். லிஃப்டில் தனியாகப் போகப் பயந்தாள். தினமும் காலை எட்டு இருபதுக்கு நான் கூடவே இறங்கிப் போய் அவளைத் தெருமுனை வரை விட்டுவிட்டு வருவேன். ஐந்து மாடி இறங்குகிற வரை என் கையைப் பிடித்திருப்பாள். அந்தச் சில வாரங்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஒன்பதாவது வாரம்தான் கெட்டது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த தெருக் கட்டடத்திலிருந்து போன் வந்தது, லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று. எழுந்து ஓடினேன். நான் திரும்பி வரும்போது தொடர் முடிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கேட்ட சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"மருந்துக்கடைக்காரர் அந்தக் கடுதாசிய அடுப்புல போட்டு எரிச்சுட்டாரு" என்றாள்.

திங்கட்கிழமை விமர்சனத்தில் அவள் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசி பெஞ்சு செவ்வாய்க்கிழமை எழுதினான்: 'கடிதத்தை எரித்தது கோழைத்தனம் இல்லை, கருணை.' பத்து நிமிடத்தில் கீழே ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள், எந்தக் கடிதம் எரிந்தது, தூங்கிக்கொண்டே பார்த்தாயா என்று. மோட்டார் அறையில் உட்கார்ந்து அந்த வாரத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அடுப்பே இல்லை. மருந்துக்கடைக்காரர் கடிதத்தை எடுத்துவந்து மனைவியின் கையிலேயே கொடுக்கிறார். கடிதம் எரிந்த கதையை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அவள் சொல்லியிருந்தாள். கருத்தை அழித்தேன். அதற்குள் அவள் பார்த்திருப்பாள் என்று தெரியும்.

அன்று மாலை அவள் கத்தவில்லை, அழவில்லை. சாப்பாடு போட்டாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அவரு ஏங்க அந்தக் கடுதாசிய எரிச்சாரு? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"தெரியல" என்றேன்.

"சரி" என்று எழுந்து போனாள். சில வாரம் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலை நான் செருப்பை மாட்டுவதற்குள் தனியாக லிஃப்டில் இறங்கிப் போய்விட்டாள். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தெருவில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வலித்தது.

பதினோராவது வார விமர்சனத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'அடுத்த வாரம் தொடர் முடிகிறது. கடைசி பெஞ்சு யார் என்ற விஷயத்தையும் அன்றே முடித்துவிடலாம்.' ஜெயிலுக்கு நான் அப்போதும் பயப்படவில்லை, இப்போதும் பயப்படவில்லை. அந்த இரண்டாயிரம் பேருக்குத்தான் பயந்தேன். பார்த்தீர்களா, அவரேதான், அதே மருந்துக்கடைக்காரர்தான் என்று அவர்கள் சொல்லப்போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி வாரத்தைச் சேர்ந்தேதான் பார்த்தோம். மனைவி கேட்கிறாள், இத்தனை வருஷமா ஏன் கொடுக்கலை என்று. மருந்துக்கடைக்காரர் வாயைத் திறக்கிறார். திரை இருட்டாகிறது. அவ்வளவுதான், முடிந்தது. அவர் பேசினாரா இல்லையா என்று இன்றுவரை அந்தப் பக்கத்தில் அடித்துக்கொள்கிறார்கள். அன்று என் மனைவி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். நான் டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலுக்கு வந்தாள்.

"ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போடுவேன். திறந்துதான் வச்சிருக்கேன். அதுக்குள்ள ஒரு தடவை நீங்க படிச்சுப் பாருங்க."

"வந்து படிக்கிறேன்" என்றேன். அவள் எழுதியதில் நான் உடனே படிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

லிஃப்ட் பெட்டி வந்து நிற்காமல் எந்த மாடியிலும் கதவு திறக்கக் கூடாது. அதற்கென்று ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு இருக்கிறது. ஐந்தாவது மாடிப் பூட்டை நான் என்ன செய்தேன் என்பதை உங்கள் நிபுணர் படம் போட்டு எழுதியிருக்கிறார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பெட்டி கீழே நின்றது. போனில் கருத்துகளைப் படித்துக்கொண்டே லிஃப்டில் கால் வைக்கிற பழக்கம் அவளுக்கு. பார்த்து ஏறு, பார்த்து ஏறு என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எட்டு இருபதுக்கு நான் மேலே மோட்டார் அறையில் இருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

வீட்டுக்குள் போய்ப் படித்தேன். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'கடைசி பெஞ்சு யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் உங்களிடம் சொல்லப்போவதில்லை. அவர் செய்தது கொடுமை. மன்னிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து எதையுமே பார்க்கவில்லை என்று நான் நினைத்த ஒருவர், ஒரு காட்சி விடாமல் பார்த்திருக்கிறார். அவ்வளவும் அவருக்குள் இருந்திருக்கிறது. இனி எழுத வேண்டாம், என்னிடம் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கடைக்காரர் கடைசியில் பேசினார் என்றே நான் நம்புகிறேன். ஐந்து நட்சத்திரம்.'

கீழே சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது, யாரோ ஓடினார்கள். நான் அந்தப் பத்தியை அழித்துவிட்டு மற்றதை ஒன்பது மணிக்குப் போட்டேன். ஆட்கள் காத்திருப்பார்கள், அவள் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. நட்சத்திரம் நாலரையாக வைத்தேன், முதல் மூன்று வாரம் இழுவை என்பதால். அதன் கீழே கடைசி பெஞ்சு, 'இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது' என்று எழுதினான். அது மனதாரச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கிப் போனேன், படிக்கட்டு வழியாக.

தேய்ந்த பூட்டு, விபத்து என்று முடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவளுடைய தங்கைதான் ஒருநாள் அக்காவின் எழுத்தையெல்லாம் சேர்த்துவைக்க உட்கார்ந்தவள், எட்டு இருபதுக்குப் போனவள் ஒன்பது மணிக்கு எப்படி எழுதினாள் என்று உங்களிடம் வந்து கேட்டாள். கெட்டிக்காரப் பெண்.

அந்த இரண்டு மாதமும் தினமும் காலை எட்டு இருபதுக்கு லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கு வந்து நின்றது. யாரும் பட்டனை அழுத்தவில்லை. கூப்பிடாமல் லிஃப்ட் வருவதற்கு ஆறு காரணங்கள் உண்டு. ஆறையும் பார்த்தேன், போர்டை மாற்றினேன், வயரை மாற்றினேன். வந்தது. கதவு திறக்கும், உள்ளே விளக்கு எரியும், ஒரு ஆள் ஏறுகிற நேரம் நிற்கும், மூடிக்கொண்டு இறங்கும். எனக்குப் பயமாக இருந்தது மேடம். இந்த ஸ்டேஷனில் லிஃப்டே இல்லை, இன்று காலையும் அந்தச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சோஃபாவில் என் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்து அந்தத் தொடரை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பேன். எட்டு மணிக்கு, காதருகே, எப்படி இருந்துச்சு என்று கேட்கும். நான் பதில் சொல்வேன். ஒளிப்பதிவு, வசனம், தம்பியாக வந்த பையனின் நடிப்பு, ஒன்று விடாமல் சொல்வேன், ஒரு மணி நேரம்கூட ஆகும். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், கொடுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுடைய விமர்சனத்தில் ஒரு தவறு இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் பேசவில்லை. அந்தக் காட்சியை முப்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். வாயைத் திறக்கிறார், அவ்வளவுதான். இதை அவளுக்கு நானே விளக்கிச் சொல்லியிருப்பேன், ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால்.