மீன் தலை ஆருக்கு?

சேயோன்: ஐயோ! என்னம்மா அது சத்தம்? ஆரும் விழுந்திட்டினமோ?

நேசமலர்: இல்லையடா, தட்டுத்தான். நாலைஞ்சு ஒண்டா விழுந்திட்டுது. நீ எழும்பாமல் இரு.

சேயோன்: நாங்கள் கதவைத் திறந்துகொண்டு வர, கடைக்காரர் எங்களைப் பாத்தவர். பாத்த உடன தட்டுகளைக் கையால நழுவ விட்டிட்டார். நான் கண்டனான்.

நேசமலர்: வழுக்கியிருக்கும்.

சேயோன்: பேயைக் கண்டமாதிரி முழிச்சவர் அம்மா!

நேசமலர்: சும்மா இரு. தீபங்கர் நல்ல மனிசன்.

சேயோன்: பேரும் தெரியுமோ?

நேசமலர்: அது... வெளியில போர்டில இருக்குதெல்லே?

சேயோன்: போர்டில ‘வங்காள வீட்டுச் சாப்பாடு’ எண்டு டொச்சு மொழியில இருக்கு. வேற ஒண்டும் இல்லை.

நேசமலர்: வேலை முடிஞ்சு வரேக்க இடைக்கிடை இஞ்ச சாப்பிடுறனான். வயசு போன ஆக்களைத் தூக்கிக் கிடத்தி, குளிப்பாட்டி, களைச்சுப் போய் வாறது. பிறகு வீட்டில ஆர் அடுப்பை மூட்டுறது? இந்த விலைக்கு கார்ல்ஸ்ரூஹேயில இறைச்சி வைச்ச ஒரு டோனர் ரொட்டியும் வராது. இஞ்ச சோறு, பருப்பு, மீன், தயிர் எல்லாம்.

சேயோன்: அதுசரி. மலிவுச் சாப்பாட்டுக்கு ஏன் பட்டுச்சீலை? மேசை ஆறு, அதுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. நீங்கள் மட்டும் கலியாண வீட்டுக்கு வந்தமாதிரி...

நேசமலர்: ஞாயிற்றுக்கிழமைதானே எண்டு... அதை விடு. காரில வரேக்க ஏதோ சொல்லோணும் எண்டு இழுத்தனி. என்ன?

சேயோன்: நீங்களும்தான் இழுத்தனீங்கள். முதல் நீங்கள் சொல்லுங்கோ.

நேசமலர்: நான் சாப்பிட்டிட்டுச் சொல்லுறன்.

சேயோன்: அப்ப நானும் சாப்பிட்டிட்டு.

நேசமலர்: கூடாத விசயமோடா?

சேயோன்: இல்லை, நல்ல விசயம்தான். ஆனா உங்களைத் தனிய... பொறுங்கோ, சாப்பாடு வருது.

தீபங்கர்: வணக்கம், தம்பி. சாப்பிடுங்கோ. மீன்... முள்ளு. மெல்ல, மெல்ல.

சேயோன்: ஆ... வணக்கம். நன்றி.

தீபங்கர்: தலை... உங்களுக்கு.

சேயோன்: ஐயோ, எனக்குத் தலை வேண்டாம். இது என்னைப் பாக்குது!

நேசமலர்: சேயோன், வாங்கு! வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது. நீங்கள் வையுங்கோ தீபங்கர், அவன் சாப்பிடுவான்.

தீபங்கர்: நல்லது. சாப்பிடுங்கோ.

சேயோன்: போயிட்டாரோ? என்னம்மா இது?

நேசமலர்: அவையின்ர வீட்டில ஆர் முக்கியமோ அவருக்குத்தான் மீன் தலை வைக்கிறது. பெரிய மரியாதையடா.

சேயோன்: இண்டைக்குத்தானே முதன்முதலா வாறன். நான் எப்பிடி முக்கியம்? அதோட இன்னொண்டு... அவர் ‘சாப்பிடுங்கோ’ எண்டவர்.

நேசமலர்: ஓம், அதுக்கென்ன? இஞ்ச படிக்கிற தமிழ்ப் பெடியள் கனபேர் சாப்பிட வாறவை. கேட்டுப் பழகியிருப்பார்.

சேயோன்: அவங்கள் எல்லாம் சென்னை, கோயம்புத்தூர். ‘சாப்பிடுங்க’ எண்டுதான் சொல்லுவாங்கள். எங்கட ஊர் ஆக்களின்ர இந்தக் ‘கோ’ எங்கயிருந்து வந்தது?

நேசமலர்: நீ சோத்தைப் பார். முதல் அந்தப் பாவற்காயைச் சாப்பிடோணும். கைப்பில தொடங்கி இனிப்பில முடிக்கிறதுதான் அவையின்ர முறை.

சேயோன்: பாவற்காயோ... ம்ம்.

நேசமலர்: என்ன ம்ம்?

சேயோன்: நல்லாத்தான் இருக்கு. பால் விட்டிருக்கினமோ?

நேசமலர்: ஓம். வீட்டில நான் வைச்சா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய், என்ன? பொறு, தேசிக்காய் எடுத்துக்கொண்டு வாறன்.

சேயோன்: அம்மா! அது அவற்ற பிரிட்ஜ். கேளாமல் திறக்கிறியள்!

நேசமலர்: கீழ்த்தட்டிலதான் இருக்கும்... இந்தா, பிழிஞ்சு விடு.

சேயோன்: சரி. எனக்கு எல்லாம் விளங்கிட்டுது.

நேசமலர்: என்ன... என்ன விளங்கினது?

சேயோன்: பட்டுச்சீலை. மீன் தலை. கடைக்காரர் எங்களைக் கண்டு தட்டை விழுத்துறார். தண்ணி வைச்ச பெட்டை என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்குது. ஆரம்மா அது?

நேசமலர்: தியாஷாவோ? மருமகள்.

சேயோன்: பாத்தியளோ! இப்பவே மருமகள் எண்டுறியள்!

நேசமலர்: டேய், அவருக்கு மருமகளடா! தங்கச்சியின்ர பிள்ளை. யூனிவேர்சிற்றியில படிக்கிறாள்.

சேயோன்: மழுப்பாதேங்கோ. என்னைப் பொம்பிளை பாக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?

நேசமலர்: ஐயோ... விசர்க்கதை கதையாத...

சேயோன்: சிரிக்காதேங்கோ அம்மா. நான் பகிடி விடேல்லை.

நேசமலர்: நான் சிரிக்கேல்லை. மீனுக்கு அரைச்சுப்போட்ட கடுகு மூக்கில ஏறிட்டுது. தண்ணியைத் தா.

சேயோன்: நான் இஞ்ச ஒருத்தரையும் பாக்க ஏலாது. எனக்கு ஹம்பேர்க்கில வேலை கிடைச்சிருக்கு. அதைத்தான் சொல்ல வந்தனான்.

நேசமலர்: ஹம்பேர்க்கிலயோ? நீ படிக்கேக்க இருந்து சொல்லுவியே, அந்தக் கப்பல் கொம்பனியோ?

சேயோன்: ஓம். நாளைக்குப் பதில் குடுக்கோணும்.

நேசமலர்: கடவுளே! எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனி... அப்ப ஏன்ரா மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?

சேயோன்: வேண்டாம் எண்டு எழுதப்போறன்.

நேசமலர்: ஏன்?

சேயோன்: ஏன் எண்டோ கேக்கிறியள்? அப்பா மோசம் போன பிறகு நீங்களும் நானும்தானே. நானும் போனா, வேலையால வந்து ஆரோட கதைப்பியள்? டிவியோடயோ? போன மாசியில ஐஸில வழுக்கி விழுந்தனீங்கள். நல்லகாலம், பக்கத்து வீட்டுக்காரர் கண்டு தூக்கினபடியால்...

நேசமலர்: சேயோன்...

சேயோன்: என்ன?

நேசமலர்: அண்டைக்குத் தூக்கினது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

சேயோன்: பிறகு ஆர்?

தீபங்கர்: மலர், தயிர்... இனிப்பு. இப்ப கொண்டு வரட்டோ?

நேசமலர்: கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் சொல்லேல்லை.

தீபங்கர்: ஐயோ... இன்னுமோ?

நேசமலர்: போங்கோ, போங்கோ. தட்டைக் கவனமாப் பிடியுங்கோ.

சேயோன்: மலர் எண்டவர்...

நேசமலர்: ஓம்.

சேயோன்: அப்பாக்குப் பிறகு ஒருத்தரும் உங்களை அப்பிடிக் கூப்பிடுறேல்லை.

நேசமலர்: ஓம் ராசா.

சேயோன்: அந்தக் ‘கோ’வும் நீங்கள் படிப்பிச்சதோ?

நேசமலர்: அவர் தானாத்தான் கேட்டுப் படிச்சவர். உன்னோட தமிழில ரெண்டு வார்த்தை கதைக்கோணுமாம்.

சேயோன்: அப்ப... பொம்பிளை பாக்க வரேல்லையோ?

நேசமலர்: இல்லையடா. நீ ஹம்பேர்க்குக்கு ஓம் எண்டு எழுது. அந்தத் தலையை ஆறுதலாச் சாப்பிடு, சாப்பிட்டிட்டு ஆளை ஒருக்கா வடிவாப் பார். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது மாப்பிள்ளை பாக்க... எனக்கு.