திறக்காமலே தெரிந்த டிஸ்க்

தேநீரைத் தனியாகக் குடிப்பது எனக்குப் பிடிக்காது. வேலணையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு அது பெரிய தண்டனை. கெட்ட மெசினை வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள்.

செபஸ்தியம்மா போகவில்லை. நெடுந்தீவிலிருந்து படகும் பஸ்ஸும் ஏறி, மகன் டினேஷின் மடிக்கணினியோடு வந்தார். டினேஷ் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். டிஸ்கைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான்; கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

"அவன்ர குரலாவது கிடக்குமே தம்பி?"

பூட்டிய டிஸ்கை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் குழம்பிய எழுத்தாகத்தான் தெரிய வேண்டும். ஆனால் இந்தப் புதுவகை டிஸ்கில் ஒன்றை அழித்தால், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று கணினி அதற்குச் சொல்லிவிடும். டிரிம் என்பார்கள். டிஸ்க் அந்த இடத்தைத் துடைத்துவிடும். அதனால் பூட்டைத் தொடாமலே, எங்கே பொருள் இருக்கிறது, எங்கே வெறுமை என்று கண்டுபிடிக்கலாம். முதல் நாளே பார்த்தேன். கணினி இயங்கத் தேவையானவை மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் வெறுமை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அவன் கடலுக்குப் போயிருக்கிறான். திரும்பி வரும் எண்ணத்தோடு அவன் போகவில்லை என்பது எனக்கு விளங்கியது.

"நிறையக் கிடக்கு அம்மா," என்றேன்.

சனிக்கிழமை தோறும் வந்து என்னோடு தேநீர் குடித்தார். கடவுச்சொல்லாக இருக்கலாம் என்று மகனுக்குப் பிடித்த பெயர்களைச் சொல்வார்: வள்ளத்தின் பெயர், வளர்த்த நாயின் பெயர், ஒரு பெண்ணின் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. ஏதாவது சரியாகிவிடக் கூடாதே என்று ஓர் எழுத்தை மாற்றித்தான் தட்டினேன். அந்த மாதங்களில் நான் சந்தோசமாக இருந்தேன்.

"நெஞ்சு ஒபரேசனுக்கு வாற சனிக்கிழமை வந்து படுக்கச் சொல்லீனம். போகட்டோ தம்பி?"

"அண்டைக்குத்தான் பூட்டுத் திறபடும் அம்மா. ஒபரேசனைத் தள்ளிப் போடலாம்தானே?"

தள்ளிப் போட்டார். அந்தச் சனிக்கிழமை பூட்டுத் திறக்கவில்லை. திரும்பும் படகில் சாய்ந்தவர் எழும்பவில்லை. நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டார், சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்த பிறகு அவர் மகள் நிலக்சனா மடிக்கணினியைக் கேட்டு வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"உள்ளுக்கு ஏதும் கிடக்கோ அண்ணை? இல்லையெண்டால் கொண்டுபோறன்."

கதிரையைத் துடைத்துப் போட்டேன்.

"இரும் தங்கச்சி. நிறையக் கிடக்கு. உம்மட அம்மாவின்ர குரலும் கிடக்கும்."