கைப்பிடி இல்லாத மொனார்க்

இடது பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்மடிப்பில். இரண்டு விரல் நுழைகிற சந்து. உள்ளே விட்டால் ஒரு வளையம் தட்டுப்படும். இழுத்தால் போதும், கார்க் கதவு திறந்துகொள்ளும். இதை நான் சொல்லப்போவதில்லை. டேல் விடிய விடியப் புல்லில் மல்லாந்து கிடந்து தேடட்டும், கோர்டு இன்னும் நாலு கெட்ட வார்த்தை பேசட்டும். நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

இப்படி எனக்குள் சொல்லிக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கார் கண்காட்சி. ஏரிக்கரைப் புல்வெளியில் நாற்பது, ஐம்பது பழைய கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காரின் பக்கத்திலும் ஒரு கூடாரம், ஒரு நெருப்பு. எங்கள் நெருப்புக்குப் பின்னால் நின்றது கோர்டின் 1951 மொனார்க். வசந்தத்தில் ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்தான். கோடை முழுக்க அதோடுதான் குடித்தனம். சாயங்காலம் ரேடியோவைப் போட்டுவிட்டுப் பாட்டரியைத் தீர்த்துவிட்டான். கதவு சாத்திக்கொண்டது. சாவி, ஜாக்கெட், ரத்த அழுத்த மாத்திரை, எல்லாம் உள்ளே.

அந்தக் கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. அந்தக் காரைக் கட்டியவன் கழற்றிவிட்டு, ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்துவிட்டான். அடியில் மறைவாக ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் டக்கென்று கதவு திறக்கும். ஆனால் அதற்குப் பாட்டரி வேண்டும்.

“கைப்பிடி இல்லாத காரை எவனாவது வாங்குவானான்னு அன்னிக்கே கேட்டேன்,” என்றாள் பெவ், அவன் மனைவி. “அழகு, அழகுன்னு குதிச்சே. இப்போ அழகைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் புல்லுல படு.”

“உன்னைக் கட்டினப்பவும் அழகுன்னுதான் சொன்னேன். அதுக்கும் சேர்த்துத்தான் படுறேன்.”

“என்னைக் கட்டினப்போ உன் தலையில முடி இருந்துச்சு. அந்தக் கதவை வழிச்ச மாதிரி அதையும் வழிச்சுட்டே.”

காருக்கு அடியிலிருந்து டேலின் சிரிப்பு கேட்டது. டேல் மெக்கானிக். ஒரு மணி நேரமாகக் கையில் டார்ச்சோடு அங்கேதான் கிடந்தான். “கட்டினவன் சும்மா விட்டிருக்க மாட்டான்டா. பாட்டரி செத்தா இழுக்க ஒரு கம்பி ஓட்டியிருப்பான். எங்க வெச்சுத் தொலைச்சான்னுதான் தெரியலை.”

“கண்ணாடியை உடைச்சிரட்டுமா?” என்றான் கோர்டு.

“காரோட டாப்பை நாலு அங்குலம் வெட்டி இறக்கியிருக்கான். அதுக்குன்னு அறுத்த கண்ணாடி. உடைச்சா வேற கிடைக்காது. நாளைக்கு ஜட்ஜுங்க முன்னாடி கோமாளியா நிப்பே.”

டேல் ஊர்ந்து வெளியே வந்து, நெருப்பருகே உட்கார்ந்து, ஒரு கை சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டான்.

“ஐரீன், நீதான் முதியோர் இல்லத்துல ராத்திரி வேலை பார்த்தவளாச்சே,” என்றாள் பெவ். “பேய்க்கதை ஏதாவது சொல்லு. இவன் புலம்பலுக்கு அது தேவலை.”

சொன்னால் ஒருவேளை இவர்கள் அந்தக் காரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் சொன்னேன்.

நடந்தது என் சிநேகிதி மார்லீனின் அத்தைக்கு. பெயர் வெர்னா.

மணி பதினொன்று நாற்பது. ஜனவரி, 1961. யார்க்டன் ஊருக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் நேர்கோடாகப் போகிற மண்சாலை. குளிர் மைனஸ் முப்பத்து நான்கு டிகிரி. நடனம் முடிந்து வெர்னாவும் லைலும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கார் லைல் கட்டியது. இரண்டு குளிர்காலம் அப்பாவின் கொட்டகையில் நின்று கட்டினான். டாப்பை வெட்டி, ஈயம் உருக்கி, கைப்பிடிகளை எடுத்து... உள்பக்கமும் பிடி இல்லை, பொத்தான்தான். குளிரில் பாட்டரி செத்தால் என்ன செய்வது என்று ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை ஓரிடத்தில் ஒளித்து வைத்தான். வெர்னாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். உனக்கும் எனக்கும் மட்டும்தான் என்றான்.

அன்றைக்குச் சண்டை. வெர்னாவுக்கு ரெஜைனா நகரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் போகிறேன் என்றாள். அவன் வண்டியை விரட்டினான். கார் வழுக்கி ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கமும் பனியில் அமுங்கியது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லைல் ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, யாராவது வருவார்கள், உட்கார் என்றான். அரை மைல் தள்ளி ஒரு பண்ணை வீட்டின் விளக்கு தெரிந்தது.

நான் நடந்துக்கறேன் என்றாள் வெர்னா. இறங்கினாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது... டக்.

“ஐயோ, சைலன்சர்,” என்றான் டேல் மெதுவாக.

ஆமாம். சைலன்சர் குழாய் பனிக்குள் இருந்தது, புகை வெளியே போக வழியில்லாமல் காருக்குள்ளேயே வரும். அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும் என்று பார்க்காமலே நடந்தாள்.

அது கோவல் என்கிற உக்ரைன்காரர் வீடு. அவர் மனைவி வெர்னாவின் காலை வெந்நீரில் வைத்தாள், சூடாக பீட்ரூட் சூப் கொடுத்தாள். கோவலும் மகனும் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணிக்குத் திரும்பி வந்தார்கள்.

“உள்ள யாரும் இல்லம்மா. எஞ்சின் நின்னு கிடக்கு. கண்ணாடி பூரா வெள்ளையா உறைஞ்சிருக்கு. தட்டினோம், கத்தினோம், சத்தமே இல்லை. கதவுக்குப் பிடியைக் காணோம், அது என்ன எழவு காரு? பையன் அந்தப் பக்கமா நடந்துட்டிருப்பான்.”

வெர்னாவுக்குத் தெரியும், அவன் நடந்திருக்க மாட்டான். அந்தக் காரை விட்டு அவன் நகர மாட்டான். உள்ளே உட்கார்ந்து முறுக்கிக்கொண்டிருக்கிறான், நான் போய்த் திறக்க வேண்டும் என்று காத்திருக்கிறான். இப்படித்தான் நினைத்தாள். பின்னாளில் என்னிடம் சொன்னாள். “ரெண்டே வார்த்தை, ஐரீன். ‘கம்பி இருக்கு.’ வாய் வரைக்கும் வந்துச்சு. அவனே இறங்கி வரட்டும்னு முழுங்கிட்டேன்.”

முழுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். அடுப்போரம் அவ்வளவு இதமாக இருந்ததாம். அதைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. வருத்தத்தோடு விழித்திருந்தால்கூடப் பரவாயில்லை, நல்ல தூக்கம் தூங்கினேனே என்பாள்.

காலையில் கோவல் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவள் அந்த இடத்துக்குப் போய்க் கம்பியை இழுத்தாள். டக்.

லைல் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். கன்னம் சிவப்பாக, தூங்குகிற மாதிரி. அந்தப் புகை அப்படித்தான் செய்யும். புதினா வாசனை இருந்தது. கண்ணாடியில் உள்பக்கம் ஒரு விரல் கனத்துக்குப் பனி. ஓரிடத்தில் மட்டும் மெலிதாக, உள்ளங்கை அளவு. கோவல் வீட்டு விளக்கைப் பார்த்த பக்கம்... துடைத்துத் துடைத்துப் பார்த்த இடம்.

பெவ் கம்பளியைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள். “இதுல பேய் எங்கடி? இது அழுகைக்கதை.”

“இரு,” என்றேன்.

காரை லைலின் அப்பா கொட்டகையில் தள்ளிப் பூட்டினார். வெர்னா ரெஜைனாவுக்குப் போனாள், ஆசிரியை ஆனாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சாலைப் பக்கம் வரவில்லை. 1983 நவம்பரில் அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வந்தவள், இரவு தனியாகக் காரில் திரும்பினாள். வேறு வழி பனியில் அடைபட்டிருந்தது.

அதே சாலை. அதே நேரம்.

ஓரத்துப் பனிக்குவியலில் இரண்டு சிவப்பு விளக்குகள். தரையோடு தரையாக. வெட்டி இறக்கிய டாப்.

நிறுத்தினாள். எஞ்சின் சத்தம் கேட்டது... தொண்டைக்குள் முனகுகிற மாதிரி. பெட்ரோல் புகை. அதற்குள் புதினா. கண்ணாடி வெள்ளையாக இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க உள்ளேயிருந்து ஒரு கை துடைத்தது. ஈரக்கண்ணாடியில் தோல் உரசும் சத்தம். கீச்... கீச்.

பயமாக இல்லையா என்று அவளைக் கேட்டேன். இல்லையாம். சந்தோஷமாக இருந்ததாம். இந்தத் தடவை எடுத்துவிடலாம் என்று தோன்றியதாம். ஓடிப்போய்க் கையுறையைக் கழற்றி, லைல் தொட்டுக் காட்டிய இடத்தில் விரலை விட்டாள். வளையம் இருந்தது. இழுத்தாள்.

டக்.

உள்ளே யாரும் இல்லை.

இருக்கையில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. அவ்வளவுதான். நிமிர்ந்தாள். பனிக்குவியல்தான் இருந்தது, கார் இல்லை. டயர் தடம்கூட இல்லை. விரலில் மட்டும் துரு.

திரும்பித் தன் காரைப் பார்த்தாள். எஞ்சினை அணைக்கவில்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முன்னால் இறங்கி வந்த கார். அதன் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வெள்ளையாகியிருந்தன. பக்கத்து இருக்கைக் கண்ணாடியில், உள்ளங்கை அளவு... ஒரு வட்டம்.

டேல் விதை மெல்வதை நிறுத்தியிருந்தான்.

அவள் ஏறி ஓட்டிக்கொண்டு போனாள். வேறென்ன செய்வாள்? அதன்பிறகு எந்தக் கார் வாங்கினாலும் அந்த வட்டம் வந்தது. எந்த வீட்டில் குடியிருந்தாலும், தெருவிளக்கைப் பார்த்த ஜன்னலில் வந்தது. கடைசியில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்துக்கு வந்தாள். ஜூன் மாதத்தில், எல்லா ஜன்னலும் காய்ந்து கிடக்கும்போது, அவள் அறை ஜன்னல் மட்டும் வேர்த்திருக்கும். நான் துணியால் துடைப்பேன். அடுத்த சுற்று வரும்போது மறுபடி வெள்ளை. நடுவில் வட்டம். அறையில் புதினா வாசனை. அவளுக்கோ மிட்டாய் மெல்லப் பல்லே கிடையாது.

“நான்தானே திறந்தேன்,” என்பாள். “திறந்தவ கூடத்தானே வருவான்.”

மூன்று வருஷம் முன்னால், பிப்ரவரியில், அவள் போனாள். அன்றைக்கு விடியற்காலை ஜன்னலைப் பார்த்தேன். காய்ந்து, சுத்தமாக இருந்தது.

கதையை அங்கே நிறுத்தினேன்.

நிறுத்தியதற்கு அப்பால் இருந்ததைச் சொல்லவில்லை. கோர்டு ஏலத்துக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தான். கொட்டகைக் கதவில் எழுதியிருந்த குடும்பப் பெயர் லைலுடையது. கோடை முழுக்க நான் அந்தக் காரைக் கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாட்டரியில் உயிர் இருக்கும்வரை அது வெறும் கார்தான் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக அது செத்துப்போய், கதவு சாத்திக்கொண்டு நிற்கிறது.

கோர்டு எழுந்தான். சிரிக்க முயன்றான். “என் காரைப் பத்தித்தானே சொல்றே?”

“அப்படி நான் சொல்லலை.”

“சொல்லலைதான். ஆனா இதே மாதிரி டாப்பு, இதே மாதிரி கதவு...” அவன் நடந்துபோய் மொனார்க்கின் மேல் சாய்ந்தான். இடது பின்மட்கார்டில். விரல்களால் தகட்டில் தாளம் போட்டான். அந்த விரல்களுக்கும் சந்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது.

“ஏன்டா, பேயையும் சேர்த்து வாங்கிட்டு வந்திருக்கே,” என்றாள் பெவ். குரலில் சிரிப்பு இல்லை.

“பேயோ பிசாசோ, நமக்கு வேண்டியது கம்பி,” என்றான் டேல். “அந்தம்மா உன்கிட்ட எல்லாம் சொல்லியிருக்காங்க. விரலை எங்க விட்டாங்கன்னும் சொல்லியிருப்பாங்கதானே?”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அதனால் அவர்கள் யாரும் காரைப் பார்க்கவில்லை.

வரிசையில் இருந்த மற்றக் கார்களின் கண்ணாடிகளில் நெருப்பு பளிச்சென்று தெரிந்தது. மொனார்க்கின் ஒடுக்கமான பக்கக் கண்ணாடியில் தெரியவில்லை. உள்பக்கம் வெள்ளை படிந்திருந்தது. ஆகஸ்ட் மாதம். நெற்றியில் வியர்வை வருகிற இரவு.

கீச்.

கோர்டின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் விழுந்தது. நெருப்பைப் பார்த்த பக்கம்தான். ஏரித் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவனுக்குக் கேட்டிருக்காது.

“ஐரீன், விளையாடாதே. மாத்திரை உள்ள இருக்கு. காலையில ஜட்ஜுங்க வருவாங்க. ஒரு கோடை முழுக்க உழைச்சிருக்கேன். இடத்தை மட்டும் சொல்லு. நான் இழுத்துக்கறேன்.”

நான் இழுத்துக்கறேன் என்கிறான். பக்கத்தில் பெவ் இருக்கிறாள். இருவரும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போவார்கள். அடுப்போரம் வெர்னா விழுங்கிய அதே இரண்டு வார்த்தைகள் இப்போது என் நாக்கில் இருந்தன. உள்ளே இருப்பவன் அன்றும் இப்படித்தான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான், இவர்களுக்குத் தெரியும், சொல்வார்கள் என்று.

கீச்... கீச்.

இரண்டாவது வட்டம். முதல் வட்டத்துக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் முகத்தின் உயரத்தில்.

“எனக்குத் தெரியாது, கோர்டு,” என்றேன். “அதே மாத்திரைதான் நானும் சாப்பிடறேன், என்கிட்ட இருக்கு, தர்றேன். நீ காரை விட்டுட்டு இப்படி வந்து உட்காரு.”