விருது மேடையில் மகாராணி

— நேற்றுப் பின்னேரம் நாலாயிரம் பேர் எழும்பி நிண்டு ஒரு கோழிக்குக் கை தட்டினவை, மாஸ்டர். என்ர கண்ணாணை!

— யோவ் ரத்தினம், காலங்காத்தால பார்க்குக்கு வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? பஸ் ஓட்டுறதை நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு, வாய் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

— நான் ஓட்டின பஸ்ஸும்தான் ஓடுது! எங்கட ஊர்ப் பிள்ளை லோஜனா அதை வாங்கி, சீட்டைக் கழட்டிப் பள்ளிக்கூடம் ஆக்கினவளெல்லே? புதுமாதிரிப் பள்ளிக்கூடம் துவங்கின ஆக்களுக்கு நேற்று விருது. ஓக்லண்ட் நகரம் முழுக்க அறுநூறு பேர் போட்டி. எங்கட பிள்ளைக்குத்தான் குடுத்தவை!

— போட்டியில ஆறு பேர் இருக்கும். மணி கிடையாது, பரீட்சை கிடையாது, பஸ்ஸுக்குள்ள கோழி மேயுது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் சொல்றேன், அது பள்ளிக்கூடமே இல்ல.

— கோழிதானே கணக்குப் படிப்பிக்குது! ஒடாஹுஹு சந்தையில உங்கட பேத்தி அபிதா பள்ளிக்கூட முட்டையை டசின் டசினா அடுக்கிற வேகத்தைப் பாத்தால் கல்குலேட்டர் அழும்.

— அடுக்குவா. வாயைத் திறப்பாளா? ரெண்டு வருஷமா வீட்டுக்கு வெளிய ஒரு வார்த்தை பேசல. அதான் வர்ற திங்கக்கிழமை வேற ஸ்கூல்ல போடச் சொல்லிட்டேன் மகன்கிட்ட.

— கொஞ்சம் கேளுங்கோவன். லோஜனா மேடையில ஏறி, "நான் கதைக்கேல்லை, என்ர பிள்ளையள் கதைக்கட்டும்" எண்டாள். ஆர் எழும்பினது? உங்கட அபிதா! கக்கத்தில மகாராணி.

— எந்த மகாராணி?

— செம்மஞ்சள் கோழி, மாஸ்டர்! சனத்தை அவள் பாக்கவேயில்லை. கோழியைப் பாத்து, "மகாராணி, மிஸ் என்னைக் கதை கதையெண்டு ஒருநாளும் நெருக்கேல்லை, உன்னோட கதைக்க விட்டவ" எண்டு இங்கிலீஷில துவங்கி, மூண்டு மணித்தியாலம்!

— கோழி தூங்கியிருக்குமே.

— முட்டை போட்டுது! விருதுக் கோப்பைக்குள்ள!

— போதும்யா, இருமல் வருது.

— சிரிப்பு வருதெண்டு சொல்லுங்கோ. அதென்ன இண்டைக்கு மாஸ்க்?

— சளி.

— போன மாசம் இதே பெஞ்சில என்ன சொன்னனீங்கள்? அபிதா நாலு பேருக்கு முன்னால பேசினால் மீசையை எடுக்கிறனெண்டு. இந்தாங்கோ, பிளேடோட வந்திருக்கிறன்.

— நீ அளக்குறதுக்கெல்லாம் மழிச்சா எனக்குப் புருவம்கூட மிஞ்சாது.

— அந்தக் கோழிக் கூத்துக்கு வரமாட்டனெண்டு நீங்கள்தானே அழைப்பிதழைத் திருப்பித் தந்தனீங்கள்? சரி, பகிடியை விடுங்கோ, மாஸ்டர். ரெண்டு வருசத்துக்குப் பிறகு பிள்ளை வாய் திறந்திருக்கிறாள். திங்கட்கிழமை அவளை மாத்தாதேங்கோ.

— பிளேடை உள்ள வை.

— ஏன், பயமோ?

— இந்தா, மாஸ்க்கைக் கழட்டுறேன். நல்லாப் பாத்துக்க.

— ஐயோ! மாஸ்டர்! மீசை எங்கை?

— சிரிக்காதய்யா. எங்கயும் மாத்த வேணாம், அவ அங்கயே படிக்கட்டும்னு மகன்கிட்ட காலையில சொல்லியாச்சு. ஆனா கணக்குத் தப்பு. மூணு மணி நேரம் இல்ல, நாலு நிமிஷம். முட்டை கோப்பைக்குள்ள இல்ல, பக்கத்து மேசை மேல. நாலாயிரம் பேர் இல்ல, நூத்தி எண்பத்திரெண்டு. கடைசி வரிசையில ஒளிஞ்சு உக்காந்து எண்ணினேன். முதல்ல எந்திரிச்சுக் கை தட்டினவனும் நான்தான்.