எழுபது பாகையில் நின்ற அடையாளம்

மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் முட்டை அவிக்கலாம் என்பது வெறும் பேச்சு, ஐயா. கைக்குச் சுடும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பக்டீரியா இருந்தது.

எங்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. நான் கல்முனை, ஜீவராஜ் பக்கத்து ஊரான பாண்டிருப்பு. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் ஒரே மேசை. வெப்பத்தை விரும்பும் பக்டீரியாவுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தினால், அது உள்ளே போயிற்றா என்று காட்ட ஓர் அடையாள மரபணுவும் கூடப் போகவேண்டும். வழக்கமான அடையாளங்கள் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். நான் உருவாக்கியது எழுபது பாகைச் சூட்டிலும் நின்றது. நோன்பு பிடித்துக்கொண்டு செய்த வேலை.

தொண்ணூற்றாறில் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. பேராசிரியரின் பெயர் இருந்தது. ஜீவராஜின் பெயர் இருந்தது.

"றஸ்மி மச்சான், பேராசிரியர்தான் உன்ட பேரை வெட்டினவர். நான் கதைச்சுப் பார்த்தன். அடுத்ததில உன்ட பேர்தான் முன்னுக்கு," என்றான் ஜீவராஜ்.

"ஓம், பறவாயில்ல," என்றேன். நான் கோபக்காரன் அல்ல.

அடுத்த மாதம் மறுபடி தண்ணீர் எடுக்கப் போனோம். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஜீவராஜின் பையில் சூடு ஆறாத பிளாஸ்க், கந்தக வாடை, இலக்கமிட்ட கண்ணாடிக் குழாய்கள். அவனுக்குச் சிங்களம் சரியாக வராது. இது என்னவென்று சிப்பாய் என்னிடம்தான் கேட்டான்.

தெரியாது என்றேன். யோசித்துப் பாருங்கள், அது பொய்யல்ல. எனக்கு அதில் பங்கில்லை என்று அச்சிலேயே வந்திருந்தது.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். ஜீவராஜ் எல்லாவற்றையும் விளக்கினான். அனுமதிக் கடிதம் எங்கே என்றார் அவர். கடிதத்தை மேசையில் மறந்துவிட்டு வந்ததாக அவன் நினைத்திருந்தான். அது என் சட்டைப் பையில் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன்.

அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவனை யாரும் காணவில்லை. அவன் தங்கை சுஜித்தா அவனுடைய படத்தை வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். இரண்டு முறை நானும் துணைக்குப் போனேன்.

ஏற்றுவதற்கு முன் அந்த அதிகாரி என்னைக் காட்டி, இவனும் உன்னோடு சேர்ந்தவனா என்று கேட்டார். ஜீவராஜ் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இல்ல சேர். அவருக்கு இதில ஒண்டும் தெரியா. அவர விடுங்க."

அதைத்தான் ஐயா என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கடைசி நேரத்தில்கூட என் பங்கை அவன் ஒப்புக்கொள்ளவில்லை.